ரத்தம் எடுத்த பிறகு என்ன நடக்கிறது?

மழை விட்டு இரண்டு வாரம் ஆனதும் தெருவுக்கு நான்கு வீட்டில் காய்ச்சல் வந்துவிடுகிறது. முதல் நாள் பாராசிட்டமால், இரண்டாம் நாள் நிலவேம்புக் குடிநீர், மூன்றாம் நாள் காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி. டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுக்கிறார். ஊசியைப் பார்த்ததும் பிள்ளை அழுகிறது, அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடுகிறது. அப்புறம் வீட்டில் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "டெங்குவா, இல்லையா?"

விடை வருவதற்குள் அந்தச் சின்ன டியூப் பல கைகள் மாறுகிறது. அதற்கு இரண்டு வேலைகள் உண்டு. பிள்ளைக்கு என்ன நோய் என்று டாக்டருக்குச் சொல்ல வேண்டும். அந்தத் தெருவில் என்ன நோய் பரவுகிறது என்று சுகாதாரத் துறைக்கும் சொல்ல வேண்டும். முதல் வேலைக்காகத்தான் வீட்டார் காத்திருக்கிறார்கள். இரண்டாவது வேலை நடப்பது பல பேருக்குத் தெரியவே தெரியாது.

ரத்தம் எடுப்பவர் முதலில் கேட்கும் கேள்வி, "காய்ச்சல் என்றைக்கு ஆரம்பிச்சது?" இதற்கு நம் வீடுகளில் வழக்கமாக வரும் பதில், "ஒரு ரெண்டு மூணு நாளா இருக்குங்க." இந்தப் பதில் போதாது. டெங்குக் காய்ச்சலின் முதல் ஐந்து நாட்களில் ரத்தத்தில் இருப்பது வைரஸின் புரதம். அதைக் கண்டுபிடிக்கும் சோதனைக்கு என்.எஸ்.1 என்று பெயர். ஐந்து நாட்களுக்குப் பிறகு அந்தப் புரதம் குறைந்து, உடல் தயாரிக்கும் ஐஜிஎம் என்ற எதிர்ப்புப் பொருள் கூடிவிடும். அதற்குத் தனிச் சோதனை. இரண்டாம் நாள் ஐஜிஎம் சோதனை செய்தாலோ, எட்டாம் நாள் என்.எஸ்.1 சோதனை செய்தாலோ, டெங்கு இருந்தும் 'இல்லை' என்று வர வாய்ப்பு அதிகம். அந்தக் காகிதத்தை நம்பி வீட்டார் நிம்மதியாக இருந்துவிடுவார்கள். டெங்குவிலோ காய்ச்சல் விடும் நேரம்தான் கவனிக்க வேண்டிய நேரம். வயிற்று வலி, விடாத வாந்தி, ரத்தக் கசிவு, சோர்வு எல்லாம் தலைகாட்டுவது அப்போதுதான்.

அதனால் காய்ச்சல் தொடங்கிய தேதியைச் சமையலறை காலண்டரில் ஒரு சுழி போட்டுக் குறித்து வைப்பது பெரிய உதவி. பால் கணக்கு எழுதும் காலண்டரே போதும்.

அடுத்து வருவது முகவரி. ஆதார் அட்டையில் இருக்கும் முகவரியை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டு வருபவர்கள் உண்டு. வாடகை வீடு மாறி இரண்டு வருடம் ஆகியிருக்கும். டெங்கு உறுதியானால் சுகாதார ஆய்வாளரும் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்களும் அந்த முகவரியைத் தேடித்தான் போவார்கள். ஏடிஸ் கொசு சில நூறு மீட்டருக்குமேல் பறந்து போகிற ரகம் அல்ல. எனவே எந்தத் தெரு என்பது முக்கியம். பழைய முகவரி கொடுத்தால் பழைய தெருவில் தொட்டியைக் கழுவி மருந்து தெளிப்பார்கள். புதுத் தெருவில் கொசு சௌக்கியமாக இருக்கும்.

இனி ஆய்வக நுட்புநரின் கை. லேப் டெக்னீஷியன் என்றால்தான் பலருக்குப் புரியும். மருத்துவப் பரிசோதனையில் நேரும் தவறுகளில் பெரும்பகுதி இயந்திரத்தில் நடப்பதில்லை, ரத்தம் இயந்திரத்துக்குப் போய்ச் சேரும் முன்பே நடந்துவிடுகின்றன. கையில் கட்டும் பட்டையை நெடுநேரம் இறுக்கி வைத்தால் சில அளவுகள் மாறும். சிரிஞ்சில் இருக்கும் ரத்தத்தை ஊசி வழியாகவே வேகமாக டியூப்பில் பீய்ச்சினால் சிவப்பணுக்கள் உடையும். தட்டணுக்களை எண்ணுவதற்கு ஊதா மூடி டியூப். அதில் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து தடவியிருக்கும். எடுத்தவுடன் அதை மெதுவாகப் பலமுறை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். அதை விட்டுவிட்டால் உள்ளே பொடிப்பொடியாக உறைந்து, தட்டணுக்கள் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். டெங்கு சீசனில் தட்டணு குறைவு என்று ஒரு காகிதம் வந்தால் வீடு என்ன பாடுபடும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்த ரத்தம் மாவட்ட ஆய்வகத்துக்குப் போக வேண்டும் என்றால் குளிர் பெட்டி. அதிலும் ஒரு சூட்சுமம். பிரிக்காத ரத்தம் ஐஸ் கட்டியை நேராக ஒட்டி இருந்தால் உறைந்து, அணுக்கள் உடைந்து வீணாகிவிடும். குளிர வேண்டும், உறையக் கூடாது. பெயர் ஒட்டும் வேலை இன்னும் அபாயம். டியூப்புகளை வரிசையாக வைத்துவிட்டு அப்புறம் மொத்தமாகப் பெயர் எழுதலாம் என்று நினைத்த இடத்தில்தான் ஒருவர் ரத்தம் இன்னொருவர் பெயரில் போகும். நோயாளி எதிரில் இருக்கும்போதே பெயரைக் கேட்டு எழுத வேண்டும் என்பது பயிற்சியில் சொல்லித் தரும் பாலபாடம்.

பயிற்சி ஒருமுறை கொடுத்தால் ஆயுளுக்கும் வரும் என்று நினைப்பதும் தவறு. நல்ல ஆய்வகங்கள் தங்களுக்குத் தாங்களே பரீட்சை வைத்துக்கொள்கின்றன. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை பல வருடங்களாக நடத்தும் வெளித்தரப் பரிசோதனைத் திட்டம் அப்படிப்பட்டது. அங்கிருந்து ஒரு மாதிரி வரும். அதில் என்ன இருக்கிறது என்று அனுப்பியவருக்குத் தெரியும், பெற்றவருக்குத் தெரியாது. வழக்கமான நோயாளியின் ரத்தத்தைப் பார்ப்பதுபோலவே பார்த்து விடை அனுப்ப வேண்டும். எத்தனை ஆய்வகங்கள் சரியாகச் சொன்னன, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று பதில் வரும். தனியார் லேபுக்குப் போகிறவர்கள் கட்டணத்தைக் கேட்பதோடு, "நீங்க வெளித்தரப் பரிசோதனையில இருக்கீங்களா?" என்றும் கேட்கலாம். கேள்வியைக் கேட்டு முறைத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

டெங்கு முடிவு ஏன் உடனே கிடைப்பதில்லை என்ற கோபமும் பலருக்கு உண்டு. கால் மணி நேரத்தில் கோடு காட்டும் கார்டு டெஸ்ட்டை அரசுக் கணக்கு உறுதியான முடிவாக ஏற்பதில்லை. எலைசா என்ற முறைதான் கணக்கு. உள்ளங்கையளவு பிளாஸ்டிக் தட்டில் 96 குழிகள். குழிக்கு ஒருவர் ரத்தத்திலிருந்து பிரித்த நீர். அதில் ஒன்றன்பின் ஒன்றாக மருந்துகள் சேர்த்து, இடையிடையே கழுவி, காத்திருந்து பார்த்தால், நோய் உள்ள குழியில் நிறம் மாறும். முடிக்கச் சில மணி நேரம் பிடிக்கும். பத்துப் பேருக்காக ஒரு தட்டை வீணாக்க முடியாது என்பதால் மாதிரிகள் சேரும்வரை காத்திருப்பதும் உண்டு.

அப்படி ஒரு எலைசா தட்டில் நிறம் மாறியது இந்தியாவின் மருத்துவ வரலாற்றிலேயே ஒரு பெரிய செய்தியாகிவிட்டது. நடந்தது 1986 பிப்ரவரியில், வேலூரில்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தவர் செல்லப்பன் நிர்மலா. வயது 32, இரண்டு சின்னக் குழந்தைகள். ஆய்வுக் கட்டுரைக்கு என்ன தலைப்பு என்று கேட்டபோது அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன், எய்ட்ஸ் இங்கே இருக்கிறதா என்று பாரேன் என்றார். அப்போது எய்ட்ஸ் என்றால் அமெரிக்கக்காரர்கள் நோய், நம் நாட்டுக்கு வராது என்ற நினைப்பு படித்தவர்களிடமும் இருந்தது. நிர்மலாவும் முதலில் தயங்கினார். கணவர் ராமமூர்த்திதான் தைரியம் சொல்லி, தினமும் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். பஸ் காசு மிச்சம் என்பதும் ஒரு காரணம். பாலியல் தொழிலில் இருந்த பெண்களை வைத்திருந்த அரசுக் காப்பகத்துக்குப் போய், சுமார் மூன்று மாதத்தில் 80-க்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தை அவர் சேகரித்தார். கையுறை கிடையாது. பாதுகாப்பு உபகரணம் எதுவும் கிடையாது. மாதிரிகளை வைக்க வேறு வசதி இல்லாததால் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தார். தயிரும் மாவும் இருக்கும் அதே ஃபிரிட்ஜ்தான்.

சென்னையில் அந்தச் சோதனைக்கு வசதி இல்லை. வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் ஜான் உதவ ஒப்புக்கொண்டார். ஐஸ் பெட்டியில் மாதிரிகளோடு கணவனும் மனைவியும் ராத்திரி ரயில் ஏறிக் காட்பாடியில் இறங்கி, ஆட்டோ பிடித்துப் போனார்கள். காலையில் சோதனை தொடங்கியது. மத்தியானம் டீ குடித்துவிட்டு வந்து தட்டைத் திறந்தபோது ஆறு குழிகள் மஞ்சளாகியிருந்தன.

யாரும் உடனே நம்பவில்லை. திரும்பச் சென்னைக்கு வந்து அந்த ஆறு பெண்களிடமும் மறுபடி ரத்தம் எடுத்து, அமெரிக்காவுக்கு அனுப்பி, வெஸ்டர்ன் பிளாட் என்ற உறுதிச் சோதனையிலும் அதே முடிவு வந்த பிறகுதான் அரசுக்குச் சொன்னார்கள். அந்த மே மாதம் சட்டசபையில் அமைச்சர் ஹண்டே அறிவித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்பது அப்படித்தான் தெரிந்தது. நிர்மலா 1987-ல் சமர்ப்பித்த ஆய்வேட்டின் தலைப்பே தமிழ்நாட்டில் எய்ட்ஸ் கண்காணிப்பு என்பதுதான். பின்னர் அவர் கிண்டி கிங் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, 2010-ல் அமைதியாக ஓய்வு பெற்றார்.

இந்தக் கதையைச் சாதனையாக மட்டும் சொல்வது சரியாகாது. எதற்காக ரத்தம் எடுக்கிறோம் என்று அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை. இன்றைய விதிகளின்படி அப்படி ஒரு ஆய்வுக்கு அனுமதியே கிடைக்காது. நோய் உறுதியான ஆறு பேருக்கு அன்றைக்குக் கொடுக்க மருந்தும் கிடையாது. கையுறை இல்லாமல் எண்பது பேருக்கு ஊசி போட்ட நிர்மலாவுக்கும் எதுவும் நேரலாம் என்ற நிலைமைதான். இன்று ஒரு நுட்புநருக்கு வேலையில் சேர்ந்ததும், பயன்படுத்திய ஊசிக்குத் திரும்ப மூடி போடாதே, ஊசி குத்திவிட்டால் உடனே சொல், மஞ்சள் காமாலை பி தடுப்பூசி போட்டுக்கொள், நோயாளியிடம் சம்மதம் வாங்கு என்று சொல்லித் தருகிறார்கள் என்றால், இப்படிப்பட்ட அனுபவங்கள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன.

அதே வேலூரில் அதே காலத்தில் இன்னொரு வேலையும் நடந்தது. இதில் ரத்தம்கூட வேண்டாம், அஞ்சலட்டை போதும். அப்போதைய வட ஆற்காடு மாவட்டத்தில் எந்த ஆஸ்பத்திரிக்கு எந்த நோய் வருகிறது என்று யாரிடமும் முழுக் கணக்கு இல்லை. அரசு மருத்துவமனைக் கணக்கு இருந்தாலும் முக்கால்வாசிப் பேர் போவது தனியாரிடம். ஜேக்கப் ஜான் குழுவினர் அச்சடித்த அஞ்சலட்டைகளை அரசு, தனியார், மிஷன் ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றுக்கும் கொடுத்தார்கள். காலராவோ மூளைக்காய்ச்சலோ சந்தேகப்பட்டால் அட்டையை நிரப்பித் தபாலில் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். வந்த தகவல்களைத் தொகுத்து மாதாமாதம் ஒரு சிறு பத்திரிகையாக அட்டை எழுதிய டாக்டர்களுக்கே அனுப்பினார்கள். வட ஆற்காடு மாவட்டச் சுகாதாரத் தகவல் என்ற ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் 'நதி' என்று வந்தது. அந்த மாவட்டத்துக்கு நதி என்று பெயர் வைக்கப் பொருத்தம் பார்த்தார்களோ என்னவோ, பாலாற்றில் வராத தண்ணீர் தபாலில் வந்தது.

அந்த அனுபவம் 1998-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. பின்னர் கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்திலும் அதே முறையைப் பின்பற்றினார்கள். தொற்றுநோயைத் தெரிவிக்க வேண்டும் என்று தனியார் டாக்டர்களுக்கு 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே கடமை சொல்லியிருக்கிறது. சட்டத்தால் வராத தகவல், பதில் போட்டதால் வந்தது. அனுப்பியவருக்கு அவர் அனுப்பியது என்ன ஆனது என்று தெரிந்தால் அடுத்த மாதமும் அனுப்புவார். இன்றைக்கும் எந்தப் புதிய மென்பொருளுக்கும் இது பொருந்தும்.

நாடு முழுவதற்கும் அந்தப் பாடம் 1994 செப்டம்பரில் குஜராத்தின் சூரத்தில் கிடைத்தது. பிளேக் என்று பேச்சு கிளம்பியதும் லட்சக்கணக்கானவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். வெளிநாடுகள் விமானங்களை நிறுத்தின. பிளேக்தானா என்று ஆய்வகம் உறுதியாகச் சொல்வதற்குள் பீதி நாட்டைச் சுற்றி வந்துவிட்டது. அதன்பிறகுதான் தேசிய அளவில் கண்காணிப்புத் திட்டம் வந்தது; 2004-ல் அது விரிவாகி ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டமானது. அதில் மூன்று படிவங்கள். கிராம சுகாதார செவிலியர் அறிகுறிகளை மட்டும் எழுதுவார்: காய்ச்சல் இத்தனை, பேதி இத்தனை. டாக்டர் தன் கணிப்பை எழுதுவார். ஆய்வகம் உறுதியானதை எழுதும். வாரம் ஒருமுறை காகிதத்தில் போனது, 2021 முதல் இணையத்தில் அன்றாடம் பதிவாகிறது. வழக்கமாக வாரத்துக்கு நான்கு பேதி வரும் கிராமத்தில் திடீரென்று பதினைந்து வந்தால், காலரா என்று ஆய்வகம் சொல்லும்வரை காத்திருக்காமல் குடிநீர்க் குழாயைப் பார்க்க ஆள் போகலாம். அதற்காகத்தான் படிவங்களை மூன்றாகப் பிரித்தார்கள்.

கொரோனா காலத்தில் இந்த ஏற்பாட்டின் பலம் தெரிந்தது. 1899-ல் அம்மைப்பால் தயாரிக்கத் தொடங்கிய கிண்டி கிங் நிலையம்தான் 2020-ல் தமிழகத்தின் முதல் கொரோனா சோதனைக்கூடம். சில மாதங்களில் மாநிலமெங்கும் ஆய்வகங்கள் வந்தன. கார்டு டெஸ்ட் பக்கம் போகாமல் ஆர்.டி.பி.சி.ஆர். முறையிலேயே தமிழ்நாடு நின்றது. இயந்திரங்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றை இயக்கப் பழகிய கைகளைத் தக்கவைத்துக்கொள்வதுதான் கஷ்டமான வேலை. தற்காலிக வேலைக்கு எடுத்துப் பழக்கி, அவசரம் தீர்ந்ததும் அனுப்பிவிட்டால், அடுத்த அவசரத்துக்கு மறுபடியும் 'ஊதா மூடியைக் கவிழ்த்து நிமிர்த்து' என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பயிற்சியும் கண்காணிப்பும் பிசகினால் உயிருக்கு என்ன ஆகும் என்பதற்கு இப்போது நம் ஊர்களிலேயே ஒரு நோய் இருக்கிறது. ஸ்க்ரப் டைபஸ். செய்தித்தாள்களில் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகிறார்கள். மாட்டில் ஒட்டும் பெரிய உண்ணி அல்ல, கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன உண்ணியின் குஞ்சு கடித்து வருவது. புதர், வரப்பு, விறகுக் கட்டு, வீட்டை ஒட்டிய புல்வெளி எங்கும் இருக்கும். தமிழகத்தில் மழையும் குளிருமான மாதங்களில் அதிகம். அதாவது டெங்கு சீசனிலேயே வரும். டெங்கு மாதிரியே காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி. டெங்கு 'இல்லை' என்று வந்ததும் அடுத்து வைடால் டெஸ்ட் எடுத்து, டைபாய்டு என்று சொல்லிவிடுவது பல இடங்களில் நடக்கிறது. எப்போதோ வந்த நோய்க்கும் போட்ட தடுப்பூசிக்கும்கூட வைடால் 'உண்டு' என்று காட்டக்கூடும். டைபாய்டுக்குப் போடும் விலை உயர்ந்த ஊசி மருந்துகளில் பல, ஸ்க்ரப் டைபஸைத் தொடாது. காய்ச்சல் இரண்டாம் வாரத்துக்குப் போனால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கும்.

கேட்கும் மருந்தோ மலிவானது. டாக்ஸிசைக்ளின் என்ற பழைய மாத்திரை. சரியான நேரத்தில் கொடுத்தால் பெரும்பாலோருக்கு இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். நோய் முற்றியவர்களுக்கு டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்துக் கொடுப்பது ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்லது என்று வேலூர் சி.எம்.சி. தலைமையில் நடந்த ஆய்வு 2023-ல் காட்டியது. கர்ப்பிணிகளுக்கு மருந்து வேறு. அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், மருந்துக் கடையில் வாங்கிப் போடுகிற விஷயம் அல்ல. இதை உறுதி செய்யவும் ஐஜிஎம் எலைசா சோதனை இருக்கிறது. டாக்டருக்கு அந்தச் சந்தேகம் தோன்ற வேண்டும், சோதனைச் சீட்டில் அதை எழுத வேண்டும், மாவட்ட ஆய்வகத்தில் அதற்கான கிட் இருக்க வேண்டும். உறுதியானது கணக்கில் ஏற வேண்டும். இந்தப் பக்கத்தில் இந்த நோய் இருக்கிறது என்று அடுத்த டாக்டருக்குத் தெரிவது அந்தக் கணக்கு வழியாகத்தான்.

ஆய்வகத்துக்கு முன்பே வீட்டில் பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. உண்ணி கடித்த இடத்தில் பலருக்கு, எல்லோருக்கும் அல்ல, சிகரெட்டால் சுட்டது போலக் கறுப்பாக ஒரு பொருக்கு விழும். ஓரம் சிவந்திருக்கும். பெரும்பாலும் அக்குளில், தொடை இடுக்கில், மார்புக்கு அடியில், இடுப்பு நாடா கட்டும் இடத்தில், காதுக்குப் பின்னால் இருக்கும். ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் டாக்டர் சட்டையைக் கழற்றிப் பார்ப்பது அபூர்வம். பெண்கள் காட்டவும் கூச்சப்படுவார்கள். நான்கு நாளாகக் காய்ச்சல் விடவில்லை என்றால், பிள்ளைக்கு வெந்நீரில் உடம்பு துடைக்கும்போது இந்த இடங்களை ஒருமுறை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, இருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். பெரியவர்கள் தாங்களே பார்த்துக்கொள்ள முடியாத இடங்களை வீட்டில் இன்னொருவர் பார்க்க வேண்டும். அந்தப் பொருக்கு பொதுவாக வலிக்காது, அரிக்காது. இருப்பதே தெரியாததால், காய்ச்சலில் கிடப்பவர் அதைச் சொல்லமாட்டார்.